சிரிச்சா ஊரு என்ன சொல்லும்?

வாசகர் கேள்வி – பதில்

கஷ்டகாலத்தைத் தாண்டி அடுத்த அடி எடுத்து வைப்பது பற்றி வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். வயது, பகுதி தவிர மற்ற அடையாளங்களை நீக்கிவிட்டோம். பதில் தருபவர்கள் மனநல ஆலோசகர் குழுவினர்.

கேள்வி: என் கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டினார். மாரடைப்பில் போய் 14 மாதம் ஆகிறது. பொண்ணு பத்தாவது, பையன் ஏழாவது. பக்கத்துத் தெரு தையல் யூனிட்டில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மனசு சரியானதும் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனதும் படுத்துவிடுகிறேன். போன வாரம் பொண்ணு ஏதோ சொல்ல, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டேன். மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நான் சிரித்தது தப்பா?
– 41 வயது வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தப்பே இல்லை. துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நடுநடுவே சிரிப்பு வரத்தான் செய்யும். அதனால் துக்கம் பொய்யாகிவிடாது. ஆனால் உங்கள் கடிதத்தில் எங்களுக்குக் கவலை தந்தது சிரிப்பு இல்லை, 'மனசு சரியானதும் போகலாம்' என்ற வரி. அது நடக்காது. வீட்டில் படுத்துக்கொண்டு மனசு சரியாகட்டும் என்று காத்திருந்தால் அது இன்னும் இறங்கத்தான் செய்யும். முதலில் உடம்பு எழுந்து போக வேண்டும், மனசு நாலு நாள் கழித்துப் பின்னால் வரும்.

இதை இப்படிச் செய்து பாருங்கள். 40 பக்க ரூல்டு நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். காலை, மதியம், மாலை என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதி, பக்கத்தில் இரண்டு மார்க் போடுங்கள். செய்தது எவ்வளவு பிடித்தது என்று பத்துக்கு ஒன்று, 'செய்து முடித்தேன்' என்ற நிறைவு எவ்வளவு என்று பத்துக்கு ஒன்று. காலை பத்திலிருந்து மதியம் வரை படுத்திருந்த நேரத்துக்குப் பெரும்பாலும் இரண்டிலுமே 0 அல்லது 1 வரும். லாரித் தண்ணீர் பிடித்து நிரப்பியதற்குப் பிடித்தம் 1 இருக்கலாம், நிறைவு 5 வரும். பொண்ணுக்குப் பின்னல் போட்டுவிட்டது இரண்டிலும் 6 வரலாம். எந்த நேரம் உங்களைக் கீழே இழுக்கிறது என்பது கையெழுத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது வாரம், 0 விழுந்த நேரத்தில் 20 நிமிட வேலை ஒன்றை மட்டும் வையுங்கள். மார்க்கெட் வரை நடப்பது, இல்லை பழைய பிளவுஸ் ஒன்றைப் பிரித்துத் தைப்பது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஒரே நாளில் நடை, கோயில், வேலை, யோகா என்று எல்லாவற்றையும் எழுதி, மூன்றாம் நாள் எதையும் செய்யாமல், 'எனக்கு லாயக்கில்லை' என்று நோட்டை மூடிவிடுவார்கள். மனசு வரும் நாளில் செய்வது என்றில்லாமல், கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். பத்தரை மணி என்றால் பத்தரை மணி.

தையல் யூனிட்டில் அரை நாள் கிடைக்குமா என்று கேளுங்கள். முதல் மாதம் அது போதும். மதியம் படுத்தால் அரை மணிக்கு அலாரம் வையுங்கள். ராத்திரி படுத்து 20 நிமிடத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து உட்கார்ந்து, கண் சொக்கும்போது மறுபடி படுங்கள். எவ்வளவு நேரம் கழித்துத் தூங்கியிருந்தாலும் காலையில் எழும் நேரம் மாறக்கூடாது.

மாமியார் விஷயம். அவர் மகனைப் பறிகொடுத்தவர். சிரிப்புச் சத்தம் கேட்டதும் 'என் பிள்ளையை மறந்துட்டாங்க' என்று அவருக்குப் பட்டிருக்கும். திதி, கல்யாண நாள் மாதிரியான நாட்களில் இதைப் பேசாதீர்கள். அந்த நாட்களில் உங்களுக்கே துக்கம் திரும்ப மேலே எழும்பும், அது பின்னடைவு இல்லை. சாதாரண நாள் ஒன்றில் காய் நறுக்கும்போது சொல்லுங்கள்: "அத்தே, அவரு இல்லாத கொறை எனக்கும்தான் இருக்கு. புள்ளைங்க முன்னாடி எந்நேரமும் அழுதுட்டே இருந்தா அதுங்க படிக்குமா? நான் சிரிச்சா அவரை மறந்துட்டேன்னு நெனைக்காதே." அவ்வளவுதான். பூ, பொட்டு, கலர் புடவை எல்லாம் உங்கள் இஷ்டம், யார் அனுமதியும் வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கி வீட்டைப் போர்க்களம் ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்று, பணம். பேப்பர் வேலை பாக்கி இருந்தால் அது நெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும். கணவரின் பாஸ்புக்கில் மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, நாமினிக்கு 2 லட்சம். தாமதமாகிவிட்டாலும் காரணம் எழுதிக் கொடுத்து வங்கியில் கேளுங்கள். (20 ரூபாய் பிடித்தம் விபத்துக் காப்பீடு, மாரடைப்புக்குக் கிடைக்காது.) அவருக்குப் பி.எஃப். இருந்திருந்தால் உங்களுக்கு மாத பென்ஷன் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கும் 25 வயது வரை தனியாக உண்டு. வாரத்துக்கு ஒரு பேப்பர் என்று அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நிறைவுக்கு 8 மார்க் போடுகிற வேலை இது.

நாள் முழுக்க அவர் நினைப்பிலேயே ஓடி, சமையல்கூடக் கைகூடாமல் போனால் நோட்டோடு நிறுத்த வேண்டாம். இழப்புக்குப் பிறகு ஆறு மாதம் தாண்டியும் அப்படி இருந்தால் அதற்கு மருத்துவத்தில் தனிச் சிகிச்சை உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போடலாம், காசு கிடையாது. 'செத்துப்போனால் தேவலை' என்ற நினைப்பு தலைகாட்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், 14416 மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.

கேள்வி: மூலக்கொத்தளத்தில் லாரிப் பட்டறை வேலை. ஆஸ்பத்திரியில் இருந்து குடியை விட்டு நாலு மாதம். சண்டை இல்லை, கடன் குறைந்திருக்கிறது. ஆனால் எதிலும் ருசி இல்லை. ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது என்றே தெரியவில்லை. சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தும் சம்சாரம் நம்பாமல் பத்து தடவை போன் பண்ணுகிறாள். விட்டதற்கு என்ன பிரயோஜனம்?
– 38 வயது வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: நாலு மாதம் பெரிய விஷயம். ருசி இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. வருஷக்கணக்கில் சாராயத்தின் வேகத்துக்குப் பழகிய மூளைக்குப் பிள்ளையின் பேச்சும் சூடான டீயும் உறைக்காது. அது பழைய நிலைக்குத் திரும்பச் சில மாதங்கள் பிடிக்கும். 'குடி இல்லாத வாழ்க்கையே இப்படித்தான்' என்று இந்த நேரத்தில் தீர்ப்பு எழுதுகிறவர்கள்தான் திரும்ப விழுகிறார்கள். ஆனால் இரண்டு வாரம் தொடர்ந்து தினமும் மனசு கனத்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மனச்சோர்வு கூடவே இருக்கலாம். சிகிச்சை பார்த்த டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

ஆறு மணிப் பிரச்னையை ஐந்தரைக்கே தீர்க்க வேண்டும். வெறும் வயிறோடு பட்டறையை விட்டு இறங்காதீர்கள். சுண்டலோ, இரண்டு வாழைப்பழமோ, முட்டையோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பசி, கோபம், தனிமை, அசதி இந்த நாலில் இரண்டு சேர்ந்தால் கால் தானாகப் பழைய வழிக்குப் போகும். டாஸ்மாக் இருக்கிற தெருவைத் தவிர்த்து வேறு வழியாகப் போங்கள், பத்து நிமிடம் கூடுதலானாலும் பரவாயில்லை. பையில் பஸ் காசு மட்டும் போதும். இப்போதெல்லாம் பையில் காசு இல்லாததும் காவல் இல்லை, போனில் ஜிபே இருக்கிறதே! பல வங்கி ஆப்களில் தினசரி யு.பி.ஐ. வரம்பைக் குறைத்து வைக்க முடியும், செய்துவிடுங்கள். சனிக்கிழமைக் கூலியை அக்கவுன்டில் போடச் சொல்லுங்கள். அந்த அக்கவுன்டின் ஏ.டி.எம். கார்டு வீட்டில் இருக்கட்டும்.

ஆசை கிளம்பினால் 15 முதல் 30 நிமிடத்தில் ஏறி இறங்கிவிடும். அந்த அரை மணியை எங்கே கழிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும், அந்த நேரத்தில் யோசிக்க வராது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, குடிக்காத ஆள் ஒருவருக்குப் போன் போடுங்கள். ஏழு மணிக்குக் கேரம் கிளப்போ ஃபுட்பால் கிரவுண்டோ போவது நல்லதுதான், ஆட்டம் முடிந்ததும் அங்கே பாட்டில் திறக்கிற கூட்டமா என்று மட்டும் முதலில் பாருங்கள். குடியை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சென்னையில் தமிழில் நடக்கின்றன, கட்டணம் இல்லை. ருசி இல்லாத காலத்தில் அதே நிலையைக் கடந்தவர்கள் பக்கத்தில் உட்கார்வதே பாதி மருந்து.

"ஒரே ஒரு கட்டிங் மச்சி" என்பவனிடம் காரணம் சொல்லாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறேன், வீட்டில் திட்டுவார்கள் என்று ஆரம்பித்தால் அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருப்பான். "வேணாம்டா" என்று சொல்லிவிட்டு நகருங்கள். சாவு வீடுதான் நம் பக்கத்தில் பெரிய கண்ணி. மாலையைப் போட்டு, உட்கார வேண்டிய நேரம் உட்கார்ந்து, பறையும் சரக்கும் சூடேறுவதற்குள் கிளம்பிவிடுங்கள். முதல் வருஷம் சம்சாரத்தோடு போய்விட்டு வருவது நல்லது.

அவர் போன் பண்ணுவது பயத்தில். பல வருஷம் பட்டதை நாலு மாதத்தில் மறக்கச் சொல்ல முடியாது. அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே "பட்டறையிலிருந்து கிளம்பிட்டேன்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள், தினமும், ஒரே நேரத்தில். இரண்டு மூன்று வாரத்தில் போன் பாதியாகக் குறையும். "இன்னுமா நம்பல?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

குடிக்காமல் இருக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை எடுக்கிறவராக இருந்தால், இருமல் டானிக் வாங்கும்போது அதில் ஆல்கஹால் இல்லை என்பதைப் பார்த்து வாங்குங்கள். மாத்திரையை நிறுத்தினாலும் 14 நாள் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். அந்த நேரத்தில் குடித்தால் முகம் சிவந்து, படபடப்பும் வாந்தியும் வந்து, ரத்த அழுத்தம் விழலாம். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டிய நிலை அது. இதை வீட்டில் ரகசியமாகச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது ஆபத்து. தினசரிக் குடிக்கிற மற்ற வாசகர்களுக்கும் ஒன்று: வைராக்கியமாக வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். கை நடுக்கத்தில் தொடங்கி, இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

ஒரு நாள் சறுக்கிவிட்டால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஆஸ்பத்திரி. 'எல்லாம் போச்சு, இனிமேல் என்ன' என்று நினைத்துத்தான் ஒரு நாள் சறுக்கல் ஒரு மாதம் ஆகிறது.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம். இப்போது நன்றாக இருக்கிறேன், பழையபடி சிரிக்கிறேன். நிறுத்திவிடலாமா?
– 25 வயது வாசகர், பெரம்பூர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். நீங்கள் நன்றாக இருப்பது மாத்திரை வேலை செய்வதால். குணமான பிறகும் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். அதற்குள் விட்டால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி வெட்டு எல்லாம் வரலாம். அதை நோயே திரும்பிவிட்டது என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. நிறுத்தும் காலம் வந்தால் டாக்டர் வாரக்கணக்கில் அளவைக் குறைத்து நிறுத்துவார்.

கேள்வி: விவாகரத்து ஆகி எட்டு மாதம். ஐந்து வயதுப் பையனோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னாச்சு, அனுசரிச்சுப் போயிருக்கலாமே" என்கிறார்கள். புதிதாகத் தொடங்க ஆசை. எங்கே தொடங்குவது?
– 29 வயது வாசகி, வியாசர்பாடி

பதில்: தெருவுக்கு ஒரே ஒரு வாக்கியம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "முடிஞ்சிடுச்சுக்கா, இப்ப நல்லாருக்கேன்." அடுத்த கேள்விக்கும் இதே வாக்கியம்தான். விளக்கம் சொல்லச் சொல்லக் கேள்வி வளரும். அதே பதில் மூன்று முறை வந்தால் ஆர்வம் போய்விடும். முழுக் கதையும் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும், அவர்களை நீங்கள் தேர்ந்தெடுங்கள்.

பையனிடம் சுற்றி வளைக்க வேண்டாம். "அப்பாவும் அம்மாவும் இனிமே தனித்தனி வீட்ல இருப்போம். நீ எதுவும் பண்ணல, உன்னால இல்ல." இந்தக் கடைசி வரியை அவன் பல தடவை கேட்க வேண்டியிருக்கும். ஐந்து வயதில் எல்லாவற்றுக்கும் தான்தான் காரணம் என்று நினைப்பார்கள். சாப்பாடு, தூக்கம், ஸ்கூல் நேரம் மாறாமல் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

ஒரே சமயத்தில் வேலை, வீடு, கடன், மறுமணம் என்று எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் வருமானம். தொழில் கற்க நினைத்தால் அரசு ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு வயது உச்சவரம்பு கிடையாது. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வடசென்னை ஐ.டி.ஐ.யில் என்னென்ன பிரிவு இருக்கிறது என்று ஜூன் சேர்க்கைக்கு முன்பே போய்க் கேளுங்கள். பயிற்சி முடிய எத்தனை மாதம், வேலை வாய்ப்பு எங்கே என்பதையும் கேட்டு எழுதி வாருங்கள்.

பலரும் விட்டுவிடுகிற ஒன்று நாமினி. விவாகரத்து ஆனதும் அது தானாக மாறிவிடாது. வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி., பி.எஃப். எல்லாவற்றிலும் இன்னமும் பழைய பெயரே இருக்கலாம். நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் மூன்று நாலு வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ரேஷன் கார்டில் பழைய வீட்டுக் கார்டிலிருந்து உங்கள் பெயரும் பையன் பெயரும் நீங்கிய பிறகுதான் அம்மா கார்டில் சேர்ப்பார்கள். அதனால் அதற்கு மட்டும் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.