அறுவைக்கு மறுக்கும் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு வயது 80. சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து 4 வருடம் ஆகிறது. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 14. பயாப்சியில் (சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில்) புராஸ்டேட் புற்றுநோய்; அதன் தீவிரத்தைச் சொல்லும் கிளீசன் எண் 7 (3+4). போன் ஸ்கேனில் பரவல் இல்லை. "அறுக்கவும் வேணாம், கரன்ட்டும் வைக்க வேணாம்" என்கிறார் (கதிர்வீச்சைத்தான் கரன்ட் என்கிறார்). வற்புறுத்துவதா, விட்டுவிடுவதா?

பதில்: வற்புறுத்தாதீர்கள். ஏன் வேண்டாம் என்கிறார் என்பதை மட்டும் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று மறுக்கும் பெரியவர்கள் நிறைய. காரணம் அதுவல்ல என்றால் அவர் முடிவு நியாயமானதே. இந்தப் புற்று பெரும்பாலும் மெதுவாக வளரும். அறுவையின் பலன் தெரியப் பத்து வருடம்கூட ஆகலாம். சிறுநீர்க் கசிவு போன்ற தொல்லையோ உடனே வரும்.

ஆனால் பரிசோதனையை விடக் கூடாது. 6 மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டும் பாருங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டிரைடு அல்லது டூட்டாஸ்டிரைடு சாப்பிடுகிறாரா? 6 மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகத் தெரியும். வந்த எண்ணை இரட்டித்துப் படிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் 6 வாரம் கழித்துப் பாருங்கள்.

அன்றாடத் தொல்லை சிறுநீரில்தான். சிறுநீர் எளிதாகப் போக டாம்சுலோசின் 0.4 மி.கி. இரவில் ஒன்று என்று மருத்துவர் தருவார். அதில் எழுந்ததும் தலை சுற்றலாம். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும். மெடிக்கலில் சளி மாத்திரை கேட்டு வாங்கித் தராதீர்கள், சில மாத்திரைகள் சிறுநீரை அடைத்துவிடும். அடைத்தால் அடிவயிறு கல்போல் இறுகிவிடும். தண்ணீர் குடித்தால் வந்துவிடும் என்று மேலும் குடிக்க வைப்பது தவறு, டியூப் போட உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று: வேட்டி எந்நேரமும் நனைந்தே இருந்தால் கட்டுப்பாடு போய்விட்டது என்று டயாபர் கட்டிவிடுகிறார்கள். சிறுநீர்ப்பை நிறைந்து வழிவதாகவும் இருக்கலாம். சிறுநீர் கழித்தபின் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பாருங்கள். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் கெடும்.

பி.எஸ்.ஏ. வேகமாக ஏறினாலோ, இடுப்பிலோ முதுகிலோ இரவில் வலி எடுத்தாலோ எலும்புக்குப் பரவியதா என்று பார்க்க வேண்டும். பரவியிருந்தால் ஆண் ஹார்மோனைக் குறைக்க 3 மாதத்துக்கு ஒரு ஊசி போடலாம். ஊசி வேண்டாமென்றால், அந்த ஹார்மோனைச் சுரக்கும் விரைகளை எடுக்கும் சிறு அறுவையும் உண்டு. அதையும் அவர் மறுக்கலாம். அப்போதும் எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை, 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) கரன்ட் வைத்தால் பலருக்கு வலி தணியும். இது நோயைத் தீர்க்க அல்ல, வலி தீர்க்க என்று விளக்கி மறுபடி கேளுங்கள். வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் வேண்டாம், சர்க்கரையும் ஸ்டென்ட்டும் உள்ளவருக்குச் சிறுநீரகம், இதயம் இரண்டுக்கும் ஆபத்து. மார்ஃபின் தேவைப்பட்டால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர வேண்டும்.

முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ மரத்தாலோ, மலம் அடங்காவிட்டாலோ, வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். தண்டுவடம் அழுந்துவதாக இருக்கலாம். அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். நடக்க முடிகிறபோதே வந்தவர்தான் பெரும்பாலும் நடந்து வீடு திரும்புகிறார்; கால் விழுந்தபின் வந்தால் மீள்வது அரிது.