முரடனின் மனமாற்றத்தை மாடு சொல்லட்டும்

சென்னை மாதவரத்தில் மாடு வளர்க்கும் உங்கள் நாவலின் நாயகன் பத்தாம் அத்தியாயத்தில் திடீரென்று காதலனாகிவிடுகிறான், நாவலைப் படித்தவர்கள் அதை நம்பவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். மழையில் அவன் பேசும் நீண்ட வசனத்தை எடுத்துவிடுங்கள். மனைவி விட்டுப்போன கசப்பில் ஆறு ஆண்டுகள் வாயடைத்துக் கிடந்தவன் ஒரு பக்கத்துக்குப் பேசமாட்டான்.

தொழுவத்தை நம்புங்கள். புது ஆளைக் கண்டு மிரண்ட பசு, மடி நிறைந்திருந்தாலும் பாலை அடக்கிக்கொள்ளும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் மாதவரத்திலேயே இருக்கிறது. நாயகி அங்கே படிப்பவளாக இருக்கட்டும். முதல் நாள் அவளால் பால் நின்றுபோகிறது, அவன் எரிந்து விழுகிறான். பிறகு ஒரு விடியலில், அவள் பக்கத்தில் நிற்கும்போதே பசு சுரக்கிறது. அவன் கவனிக்கிறான், ஒன்றும் சொல்வதில்லை. இதை நிதானமாக எழுதுங்கள், உங்களால் முடியும்.

அடுத்து, கன்று ஈன்ற இரவு. கன்று குடித்தது போக மிஞ்சிய சீம்பாலை யாருக்கும் தராதவன், மூலக்கடையில் அவள் குடியிருக்கும் வீட்டு வாசலில் தூக்குவாளியோடு நிற்கட்டும். "வெல்லம் போட்டு வேகவையுங்கள்" என்று மட்டும் சொல்லட்டும்.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். முதல் அத்தியாயத்திலேயே சினை ஊசி போட்டுவிட்டால், காதல் முற்றுவதற்கான காலமும் உங்களுக்குக் கிடைத்துவிடும்.