ஏர் ரைபிள் பராமரிப்பு: கேட்டீங்க, சொல்றேன்

ஓசூர்ல பசங்களுக்குப் பத்து மீட்டர் ஏர் ரைபிள் சொல்லிக்கொடுக்கிறேன். சின்ன பாகங்கள் பத்தி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

அண்ணா, பேரல் மடக்கும் பழைய ஏர்கன். ரவை முன்ன மாதிரி வேகமா போகலை. ஸ்பிரிங் போயிடுச்சா? (காவேரிப்பட்டணம்)

ஸ்பிரிங் மேல கை வைக்காதீங்க தம்பி. பேரல் மடங்குற மூட்டு மேல மெல்லிசா ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டை வச்சு, டார்கெட்டைப் பார்த்து ஒரு ரவை சுடுங்க. பேப்பர் பறந்தா காத்து அங்கதான் ஒழுகுது. அந்த ரப்பர் சீல் சப்பையாகி, இறுகிப் போயிருக்கும்; புதுசு போட்டாலே பாதி நோய் தீரும். அடுத்தது, காத்தை அழுத்துற பிஸ்டனோட முனையில இருக்கிற வாஷர். தோல் வாஷர்னா ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க. பிளாஸ்டிக் சீலுக்கு அந்த வேலையே வேண்டாம். அழுத்தின காத்தோட சூட்டுல எண்ணெய் பத்தி, 'டப்'புனு புகையோட வெடிக்கும், சீல் கருகும். ஸ்பிரிங் எப்பவும் அழுத்தத்துல இருக்கு. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிற கம்ப்ரசர் கருவி இல்லாம வீட்டுல அவிழ்த்தா முகத்துல பாயும்.

தடிச்ச ஸ்பிரிங் மாத்தலாமா? (பென்னாகரம்)

வேண்டாங்க. உதைதான் கூடும், குறி சிதறும். லைசென்ஸ் இல்லாம வச்சுக்க .177 காலிபரும் (பேரலோட உள்விட்டம், அங்குலத்துல) 20 ஜூலுக்குக் கீழ் சக்தியும்னு சட்டத்துல எல்லை இருக்கு. காசு செலவு பண்ணணும்னா ஸ்பிரிங்குக்குள்ள இறுக்கமா உட்கார்ற கைடு போடுங்க, அதிர்வு அடங்கும்.

ஒரே இடத்துல விழ மாட்டேங்குது சார். (பர்கூர்)

ஸ்டாக் ஸ்க்ரூவை முதல்ல பாருங்க. சுட சுட லூசாகும். மரையில எண்ணெய் துடைச்சு, ஸ்க்ரூ லூசாகாம பிடிக்கிற பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு போதும். உங்க பக்கம் கிரானைட் தூசி அதிகம், உறைபோட்டு வைங்க.

ட்ரிக்கரை அரம் போட்டு லேசாக்கலாமா? (தருமபுரி)

கூடவே கூடாது. ட்ரிக்கர் இழுக்கிற வரைக்கும் பிஸ்டனைப் பிடிச்சு வைக்கிற கொக்கியோட கடினப்படுத்தின மேல்படலம் மெல்லிசு. அது தேய்ஞ்சா துப்பாக்கி கீழ தட்டினாலே தானா சுட்டுடும். அட்ஜஸ்ட் ஸ்க்ரூ இருந்தா அதை மட்டும் கால் சுத்து திருப்புங்க.

மகனோட மேட்ச் (போட்டி) ரைபிளோட காத்து சிலிண்டரை ஆஸ்பத்திரி ஆக்சிஜன்ல நிரப்பலாமா? (ஓசூர்)

உயிரோட விளையாட்டு சார்! எண்ணெய்ப் பிசுக்குல ஆக்சிஜன் பட்டா சிலிண்டரே வெடிக்கும். ஈரம் நீக்கின சுத்தமான காத்து மட்டும், சிலிண்டர்ல பொறிச்ச அளவு வரைக்கும். வெயில்ல நிக்குற கார்ல அதை விட்டு வைக்காதீங்க.

பையன் ரவையை வாயில வச்சுக்கிட்டே சுடுறான் அண்ணா. (தேன்கனிக்கோட்டை)

அது ஈயம். இன்னைக்கே நிறுத்துங்க, சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவாம சாப்பாட்டுல கை வைக்க விடாதீங்க.