‘கடை’ என்ற சொல் மலாயிலிருந்து தமிழுக்கு வந்ததா?

இதே கேள்வியைப் போன மாதம் என் அண்ணன் மகள் கேட்டாள். மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங்கில் ஒரு மளிகைக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பலகையில் மேலே பெரிதாகக் ‘கெடாய் ருஞ்சிட்’, கீழே சின்ன எழுத்தில் ‘மளிகைக் கடை’. “சித்தப்பா, மேல உள்ள மலாய்ச் சொல்லைப் பார்த்துத்தான் கடைன்னு எழுதினாங்களா?” என்றாள். தமிழ்ப்பள்ளியில் படிக்கிற பிள்ளை. எனக்கு மனசு கேட்கவில்லை. வீடு வரும்வரை அதைப் பற்றியே பேசினேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

வரவில்லை. கடை தமிழ்ச் சொல். தமிழிடமிருந்து மலாய் எடுத்துக்கொண்டதுதான் கெடாய். இந்தோனேசியாவிலும் அது உண்டு, ஆச்சே மக்களும் சற்று மாற்றிச் சொல்கிறார்கள். மலாயும் தமிழும் வேறு வேறு மொழிக் குடும்பங்கள். ஆகவே இது உறவால் வந்த ஒற்றுமை இல்லை, வாங்கிய சொல்.

ஒலியைக் கவனித்தாலே இது தெரியும். கடையின் முதல் எழுத்தில் உள்ள அகரம் மலாயில் மழுங்கிப்போனது. கடைசி ஐகாரம் தங்கிவிட்டது. கேடயத்தைக் குறிக்கும் நம் பரிசை அங்கே பெரிசாய் ஆனதும் இப்படித்தான். நாம் ‘கடை’ என்னும்போது நடுவில் உள்ள ஒற்றை டகரம் மெலிந்து ஒலிக்கிறது. கெடாயிலும் அதே மெலிந்த ஒலிதான். டகரம் இரட்டித்து வரும் பெட்டியும் கட்டிலுமோ வல்லொலி குறையாமல் பெத்தி, காத்தில் என்று போயிருக்கின்றன. காதால் கேட்டு வாங்கிய சொற்கள் இவை. இன்றைக்கு நாம் பேச்சில் ‘கட’ என்று ஈற்றை விழுங்குகிறோம். மலாய்க்காரர்கள் அந்த ஐகாரத்தை விடாமல் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும்.

பால்மரத் (ரப்பர்) தோட்டங்களுக்கு வந்த நம் தாத்தா பாட்டிகள் கொண்டுவந்த சொல் இது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தோட்டங்களுக்கு வெகு காலம் முன்பே தமிழ் வணிகர்கள் இந்தக் கரைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அங்கே தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். பழைய கடாரத்தின் மிச்சங்கள் கிடைக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு பீடோங்கிலிருந்து கொஞ்ச தூரம்தான். (கெடா என்ற மாநிலப் பெயருக்கும் கெடாய்க்கும் முடிச்சுப் போட வேண்டாம், இரண்டும் வேறு.)

சரி, தமிழில் கடை என்றால் முதலில் என்ன? முடிவு, ஓரம். கடைசி, கடைக்குட்டி, கடைக்கண் எல்லாம் அந்தப் பொருளில் வருபவை. வீட்டின் ஓரம் எது? வாசல். அதனால் வாசலுக்கும் கடை என்று பெயர். திருக்குறளின் 142ஆம் குறளில் இரண்டு கடைகள் வருகின்றன:

அறன்கடை நின்றாருள் எல்லாம் பிறன்கடை
நின்றாரின் பேதையார் இல்.

அறன்கடை என்பது அறத்துக்குப் புறம்பானது. பிறன்கடை அடுத்தவன் வீட்டு வாசல். வாசலில் பொருளைப் பரப்பி விற்றதால் விற்கும் இடத்துக்கும் அந்தப் பெயர் நின்றது என்றுதான் நான் கொள்கிறேன். நம் பட்டணத்துக் கடை வீடுகளைப் பாருங்கள்: மேலே குடித்தனம், கீழே வியாபாரம், வெங்காய மூட்டையும் கருவாட்டுக் கூடையும் ஐந்தடி நடைபாதை வரை வந்து நிற்கும். தயிர் கடைவது மட்டும் வேறு சொல், இதோடு சேராது.

உடன்பிறந்த மொழிகளில் மலையாளம் ‘கட’ என்று வியாபாரத்துக்கும் சொல்கிறது. சாயக்கட நமக்கே தெரியும். சிங்களம் உடன்பிறந்த மொழி இல்லை, அதன் ‘கடே’ தமிழிடம் வாங்கியது. கன்னடத்தில் ‘கடெ’ என்றால் முடிவு, பக்கம், இடம். விற்கும் இடத்துக்கு அவர்கள் சொல்வது அங்கடி, அது நம் அங்காடியின் உறவு. தெலுங்கிலும் ‘கட’ பக்கத்தையும் இடத்தையும் குறிக்கும். அக்கட என்றால் அந்த இடம், எக்கட என்றால் எந்த இடம். தமிழிலும் இந்த இடப்பொருள் உண்டு. ஏழாம் வேற்றுமை உருபுகளைச் சொல்லும்போது தொல்காப்பியம் கடையையும் சேர்க்கிறது.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், எங்கள் லயம்தான் நினைவுக்கு வந்தது. சம்பளத்துக்கு முந்தின வாரம் அம்மா, அட்டையில் 555 என்று போட்ட சின்னக் கடன் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புவார். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டி படியில் உட்கார்ந்தபடி “எக்கடிகி?” என்பார். “கடைக்கு” என்பார் அம்மா. கேள்விக்குள் இருந்ததும் பதிலில் இருந்ததும் ஒரே சொல். அது இருவருக்கும் தெரியாது. தோட்டம் முடிகிற இடத்தில் குடியிருந்த மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று “ஆச்சி, பெர்கி மானா?” (எங்கே போகிறீர்கள்?) என்று கேட்பார். அம்மாவுக்கு மலாய் அவ்வளவாக வராது. நோட்டை எடுத்துக் காட்டி, “கடை, கடை” என்பார்.

“ஓ, கெடாய்!” என்று சிரித்துக்கொண்டே கையசைப்பார் மக்சிக்.