பிம்பம் கூட்டினால் டிஃபெக்ட்

கேள்வி: நான்கு பரிமாண வெளியில் இரண்டு ஆயங்களின் குறியை மாற்றி, பழைய புள்ளியையும் புதியதையும் ஒன்றெனக் கொண்டால் கன்ஃபார்மல் கோட்பாட்டில் (கோணங்களை மாற்றாத உருமாற்றங்களில் மாறாத புலக் கோட்பாடு) 'டிஃபெக்ட்' (சுற்றியுள்ள வெளியிலிருந்து வேறுபட்டு நிற்கும் பகுதி) எங்கே வருகிறது?
– வாசகர், காட்பாடி

பதில்: குறி மாற்றியும் நகராத இடத்தில், அதாவது அவ்விரு ஆயங்களும் பூஜ்யமாகும் தளத்தில். இடைவினையற்ற ஸ்கேலர் புலமென்றால் (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே ஓர் எண்ணாக இருக்கும் புலம்) கணக்கு சுலபம். 1/(தொலைவு)² என்ற வழக்கமான இரு புள்ளிச் சார்போடு (இரு இடங்களின் புல மதிப்புகளைப் பெருக்கிய சராசரி), ஒரு புள்ளிக்குப் பதில் அதன் பிம்பத்தை, அதாவது குறி மாற்றிய புள்ளியை, வைத்து அதே பின்னத்தைக் கூட்டுங்கள். புலமும் குறி மாறுமானால் கழியுங்கள். முடிவிலியாகும் முதல் உறுப்பை நீக்கிவிட்டு இரு புள்ளிகளையும் ஒன்றாக்கினால், புல வர்க்கத்தின் சராசரி ±1/(4 × தளத்திலிருந்து தொலைவு²). அந்த 4-ஐ விட்டுவிடாதீர்கள்! புள்ளிக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இரு மடங்கல்லவா?

புலத்தின் நான்காம் படி இடைவினை சேர்ந்தால் சமன்பாடு நேரியல் அல்ல; இரு தீர்வுகளைக் கூட்டினால் இன்னொரு தீர்வு வராது. இந்த வித்தை செல்லாது. கன்ஃபார்மல் சமச்சீர் அப்போதும் நீடித்தால், சராசரி தொலைவின் ஓர் அடுக்காகவே மாறும் என்பதை அது தந்துவிடும், முன்னால் வரும் எண்ணான கெழுவைத்தான் பூட்ஸ்ட்ராப் முறையில் (சமச்சீரையும் முரண்பாடின்மையையும் மட்டும் கொண்டு விடை தேடும் முறை) தேடவேண்டும்.