குறைந்த வருமானமுள்ள மாணவர் கனடாவில் வரிப்படிவம் நிரப்ப வேண்டுமா?

தங்கள் மகன் ஒன்ராறியோவில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார் என்றும், 2025 கோடையில் கடையொன்றில் உழைத்த 9,000 டொலரைத் தவிர வேறு வருமானம் இல்லாததால் அவருக்கு வரிப்படிவம் தேவையில்லை என்று நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் வரி கட்ட வேண்டியதில்லை என்பது சரி. ஆனால் படிவமும் வேண்டாம் என்று விட்டால் நட்டம் உங்கள் குடும்பத்துக்குத்தான்.

முதலில் பல்கலைக்கழகத்தின் இணையக் கணக்கிலிருந்து கல்விக் கட்டணம் கட்டியதற்கான சான்றான ரி2202 படிவத்தை இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டிய கல்விக் கட்டணத்துக்கு வரிச் சலுகை கேட்பதற்கு அது தேவை. அதில் இருப்பது கல்விக் கட்டணம் மட்டுமே. விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அதில் சேரா. கல்விக் கட்டணமும் 9,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 2025இல் 16,129 டொலர் வரையான வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது என்பதால், மகனுக்குக் கல்விக் கட்டணச் சலுகை அந்த ஆண்டு பயன்படாது. அவர் விரும்பினால் அந்தக் கட்டணத்தில் 5,000 டொலர் வரை பெற்றோரில் ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம்; 2025க்கான 14.5 வீதப்படி உங்கள் வரியில் 725 டொலர் குறையும். எஞ்சிய 4,000 டொலர் அவர் பெயரில் அடுத்த ஆண்டுகளுக்குச் செல்லும். ஒருமுறை அப்படிச் சென்றுவிட்ட தொகையைப் பின்னர் பெற்றோருக்கு மாற்ற முடியாது என்பதால், இதை அந்தந்த ஆண்டே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் வரியே கட்டாத அளவுக்குக் குறைந்த வருமானத்தில் இருந்தால் மாற்றிப் பயனில்லை. முழுவதும் மகனிடமே இருக்கட்டும், முதல் வேலை கிடைக்கும் ஆண்டில் அது கைகொடுக்கும். ஒன்ராறியோ மாகாணம் தன் பங்குச் சலுகையை 2017இலேயே நிறுத்திவிட்டதால், மேலே சொன்னது மத்திய வரிக்கு மட்டுமே பொருந்தும்.

19 வயதானவருக்கு மூன்று மாதத்துக்கொருமுறை வரக்கூடிய, குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு அரசு தரும் ஜிஎஸ்ரி (விற்பனை வரி) கொடுப்பனவும் படிவம் போட்டால்தான் கணக்கிடப்படும்.

பட்டம் பெற்ற பிறகு கவனிக்க வேண்டியது கடன் வட்டி. மத்திய அரசின் மாணவர் கடனுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டி இல்லை. ஒன்ராறியோவின் பங்குக்கு உண்டு. கட்டிய அந்த வட்டிக்குச் சலுகை கேட்கலாம். வரி இல்லாத ஆண்டில் கேட்காமல் ஐந்து ஆண்டு வரை ஒத்திவைக்கவும் முடியும். இதில் நான் ஏமாந்தேன். வட்டி குறைவு என்று வங்கியொன்றில் சொன்னதை நம்பி, என் மாணவர் கடன் முழுவதையும் லைன் ஒஃப் கிரெடிட்டுக்கு, அதாவது வேண்டியபோது எடுத்துத் திருப்பிக் கட்டும் வங்கிக் கடனுக்கு, மாற்றிக்கொண்டேன். வரிக் காலத்தில் வட்டிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடியபோதுதான், அரசின் கடன் திட்டங்களுக்குக் கட்டும் வட்டி மட்டுமே கணக்கில் வரும் என்று தெரிந்தது. மாற்றிய கடனை மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவரவும் வழியில்லை. உங்கள் மகனுக்கு அப்படி யாராவது ஆலோசனை சொன்னால், குறையும் வட்டியையும் இழக்கும் சலுகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலாம் ஆண்டுக்குப் படிவம் போடாமல் விட்டிருந்தால், இப்போதும் போடலாம்; அந்த ஆண்டின் ரி2202 பல்கலைக்கழகக் கணக்கில் இருக்கும்.