கடையில் வழுக்கி விழுந்தால் நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: தீபாவளித் துணி எடுக்கப் போன என் அம்மா, கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. கடையில் 5,000 ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா? வழக்குப் போட வழி உண்டா?

பதில்: முதலில், கையெழுத்துப் போடாதீர்கள். 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அந்தத் தாளில் எங்காவது ஒரு வரி இருக்கும். மணிக்கட்டில் பிளேட் வைக்க நேர்ந்தால் 5,000 ரூபாய் எந்த மூலைக்கு? பின்னாளில் பிளேட்டை எடுக்கச் சொன்னால் அதற்கும் தனிச் செலவு. சிகிச்சை முடியும் முன்பே கணக்கை முடிக்கத் துடிப்பது அவர்களுக்கு லாபம், உங்களுக்கு அல்ல.

நான் வக்கீல் அல்ல. இதே ஊரில் வக்கீல் குமாஸ்தா. குறுவைப் பணமும் ஐப்பசி மழையும் தீபாவளியும் ஒன்றாக வந்து சேரும் ஊர் இது. பளபளவென்று டைல்ஸ் தரை, வாசலில் ஊறிப்போன சாக்கு, சொட்டச் சொட்ட மடக்கிய குடைகள். அடைமழை மாதத்தில் வாசல் ஈரமாகும் என்பது கடைக்காரருக்குத் தெரியாததா? துடைக்க ஆள் இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை என்றால் அதைச் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் தாராளமாக வாதிடலாம். 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அட்டை மாட்டிவிட்டால் அலட்சியம் இல்லையென்று ஆகிவிடாது. அதே சமயம், பலகை இருந்தும் போனில் பேசிக்கொண்டே நடந்தவர் விழுந்தால் தொகை குறையும், அதுவும் நியாயம்தான்.

இனி, இப்படிப்பட்ட வழக்குகள் எங்கே கவிழ்கின்றன என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில்! பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கடையில் விழுந்தவர்தான், கூட வந்தவர்களும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 'கடையில் விழுந்தேன் என்றால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டும்' என்று யாரோ பயமுறுத்த, டாக்டரிடம் வீட்டு வாசலில் விழுந்ததாகச் சொல்லிவிட்டார். விபத்துப் பதிவேட்டில் அந்த ஒரு வரி ஏறியது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுத் தாக்கல் செய்தார். கடைசியில் மருத்துவச் செலவில் ஒரு பகுதிக்குச் சமரசமாகப் போக வேண்டியதாயிற்று. உங்கள் அம்மாவின் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே நகல் வாங்கிப் பாருங்கள். எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொள்ளும் எண்ணம் இருந்தால், அது உங்கள் விருப்பம். ஆனால் எக்ஸ்ரேயும் எலும்பு டாக்டரின் சீட்டும் இல்லாமல் எலும்பு முறிந்தது என்பதை நிரூபிக்கப் பெரும்பாடு படுவீர்கள்.

அடுத்து கேமரா. பெரும்பாலான கடைகளில் சில வாரங்களில் பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும். 'இன்ன தேதி, இன்ன நேரம், வாசல் பக்கத்துப் பதிவைப் பாதுகாத்து வையுங்கள்' என்று ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையும் வாங்கி வையுங்கள். பிறகு அவர்கள் 'அழிந்துவிட்டது' என்றால், ஏன் அழியவிட்டீர்கள் என்று ஆணையத்தில் கேட்கலாம். காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைப்பதும் நல்லது. பெரிய கடைகள் சில இதற்கென்றே இன்சூரன்ஸ் எடுத்திருக்கும். எழுத்தில் கேட்டால்தான் மேனேஜர் மேலே அனுப்ப முடியும். வாய்ச்சண்டைக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது.

துணி வாங்கிய பில் இருக்கிறதா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதுதான் உங்கள் நுழைவுச் சீட்டு. ஒன்றும் வாங்கும் முன்பே விழுந்திருந்தால் 'இவர் நுகர்வோரே அல்ல' என்று கிளப்புவார்கள்; அப்போது சிவில் நீதிமன்றம்தான் கதி. பில் இருந்தால் தஞ்சாவூர் மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனுப் போடுங்கள். வழக்கு எந்த ஆணையத்துக்குப் போகும் என்ற பண வரம்பைப் பார்ப்பது நீங்கள் கடைக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான், கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல. அந்தத் தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. மனுதாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்பதால், திருவாரூர்க்காரர் தியாகராய நகரில் விழுந்தாலும் திருவாரூரிலேயே வழக்காடலாம்.

எவ்வளவு கேட்பது? பில் உள்ள செலவு, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, வருமான இழப்பு. 'அம்மா வீட்டில்தானே இருக்கிறார்' என்று கடைசியதை விட்டுவிடாதீர்கள். ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-லேயே இல்லத்தரசியின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. நடவுக்குப் போகிறவர் என்றால் நாள் கூலியையும், எத்தனை நாள் போக முடியவில்லை என்பதையும் எழுதுங்கள். வேலை கொடுத்தவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் செய்திகளில் வருவதுபோல் கோடிகள் கிடைக்காது. சட்டம் 3 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. வாய்தாக்கள் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. ஆகவே சிகிச்சைச் செலவு முழுவதையும் எழுத்துமூலம் ஏற்க முன்வந்தால் பேசித் தீர்ப்பதே மேல் என்பேன்.

எழுதத் துணை வேண்டுமென்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு அம்மாவையே அழைத்துப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். பில், எக்ஸ்ரே, விபத்துப் பதிவேட்டு நகல், தபால் ஒப்புகை எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் எதையும் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம்.